எந்த மழையில் ஒழுகுகிறது? தென்காசி, குற்றாலத் தட்டட்டிகளின் மறைகசிவு

தென்காசி, குற்றாலம் வட்டாரத்து மொட்டை மாடி ஒவ்வொன்றும் ஓராண்டில் இரு வேறு மழைகளுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கத்து மலையிடைவெளி வழியாகச் சாரலைச் சுமந்துவந்து தூவுகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்கிலிருந்து அடைமழையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. முன்னது அளவில் சிறிது, ஆனால் நாள்கணக்கில் விட்டுவிட்டுத் தொடர்ந்து, காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிப்பது. பின்னது சில மணி நேரத்தில் தளத்தைக் குளமாக்கிவிட்டுப் போவது. ஒரே தளம் சாரலுக்கு ஒழுகி அடைமழைக்கு ஒழுகாமலும், அடைமழைக்கு ஒழுகிச் சாரலுக்கு ஒழுகாமலும் இருப்பது இங்கே அரிய செய்தியன்று. ஆதலால் அறையின் உட்கூரையில் ஈரக்கறையைக் கண்டு காரணம் தேடுவோர், எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால், எந்த மழையில் ஒழுகியது என்று நினைவுபடுத்திப் பார்ப்பது பாதி வேலையை முடித்துத் தரும்.

இவ்வட்டாரத்தின் பழைய வீடுகளில் பல ஓட்டு வீடுகள். 1956 நவம்பர் 1 அன்று அப்போதைய சென்னை மாநிலத்தோடு இணையும்வரை மலையாளக் கரையின் ஆட்சிக்குள் இருந்த செங்கோட்டையில், அந்தப் பக்கத்துக் கட்டட முறையின் சாயலை இன்றும் பழைய தெருக்களில் காணலாம். சரிந்த ஓட்டுக்கூரை நீருக்குத் தங்க இடம் தருவதில்லை. ஓர் ஓடு உடைந்தால் ஏறக்குறைய அதற்கு நேர் கீழேயே சொட்டும். ஓடு மாற்றத் தெரிந்தவர் ஏறி அதை மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. மழை குறைந்த சமவெளி ஊர்களுக்குப் பொருந்திய தட்டையான தளம், சிமென்டும் கம்பியும் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, மலையடிவாரத்துக்கும் வந்து சேர்ந்தது. நெல்லைச் சீமையின் பேச்சில் தட்டட்டி என்றும் மட்டப்பா என்றும் வழங்கும் இந்தத் தளமே குற்றாலத்தில் சாரல் சீசனுக்கு வருவோருக்காக எழுந்த விடுதிகளுக்கும், அங்கிருந்து ஏறக்குறைய 5 கி.மீ. தொலைவிலுள்ள தென்காசியின் புதிய தெருக்களுக்கும் இப்போது பொதுவான கூரையாகியிருக்கிறது. மட்டப்பா என்று பெயர் இருந்தாலும் முழு மட்டமாக இருப்பது அதற்கு ஆகாது. நீர் ஓடுவதற்காகத் தளத்துக்குக் கொடுக்கும் சிறு சாய்வைக் கொத்தனார்கள் வாட்டம் என்கிறார்கள், அந்த ஒரு சொல்லில்தான் தட்டட்டியின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

தட்டட்டி ஒரே பொருளால் ஆனதன்று. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த சில அடுக்குகளின் தொகுதி அது. அடியில் 10 முதல் 12.5 செ.மீ. வரை கனமுள்ள, கம்பி கட்டிய கான்கிரீட் சிலாப் பாரத்தைத் தாங்குகிறது. அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய காரைப் படை வாட்டத்தைத் தருவதோடு வெயிலின் சூட்டையும் பெருமளவு தடுக்கிறது. அதற்கும் மேலே, சூளையில் சுட்ட மெல்லிய சதுர ஓடாகிய தட்டோடு, நீர்க்காப்பு மருந்து சேர்த்த சாந்தில் பதிக்கப்பட்டு, ஓடுகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள் சாந்து கொண்டு அடைக்கப்படுகின்றன. சுண்ணாம்புக் காரை போடும் முறைக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 3036 என்னும் வழிகாட்டு நெறியை வெளியிட்டிருக்கிறது.

கான்கிரீட் வருவதற்கு முந்திய மச்சு வீடுகளில் சிலாப்புக்குப் பதிலாகத் தேக்கு உத்திரங்களும், அவற்றின்மேல் மூலைவிட்டப் போக்கில் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கோத்த மெல்லிய செங்கற்களும் இருந்தன. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற அந்த முறையில் வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துக் காரையைத் தட்டுவார்கள். சுண்ணாம்பு, சிமென்டைப் போல் விறைத்து நில்லாமல் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். மயிரிழைபோன்ற வெடிப்பு விழுந்தாலும், அதில் இறங்கும் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மீண்டும் கல்லாகி, வெடிப்பைத் தானே ஓரளவு மூடிக்கொள்ளும். சுண்ணாம்பு வேலை அறிந்த கைகள் அருகிப்போனதால் இப்போது பல இடங்களில் அந்தப் படைக்குப் பதில் வெறும் சிமென்ட் கலவையையே போட்டுவிடுகிறார்கள். வேலை விரைவில் முடிகிறது என்பதைத் தவிர அதில் கண்ட நன்மை குறைவு.

மூன்றாவது முறை தார்ப் படலம். நாரால் செய்த கனத்த பாய் ஒன்றைத் தாரில் தோய்த்துச் சுருளாக்கி விற்பதை மேலைநாடுகளில் ஃபெல்ட் என்கிறார்கள். இங்கிலாந்தில் வீடுகளின் பின்பக்கம் கூட்டிக் கட்டிய அறைகளுக்கும் வாகனக் கொட்டகைகளுக்கும் பல்லாண்டுகளாக அதுவே வழக்கமான தட்டைக் கூரை. தமிழ்நாட்டுக் கடைகளில் தார் ஷீட் என்றோ மெம்பிரேன் என்றோ கேட்டால் கிடைப்பது அதன் பிற்கால வடிவம். பாலியெஸ்டர் அல்லது கண்ணாடி நார் விரிப்பின் இருபுறமும் பிளாஸ்டிக் கலந்து பதப்படுத்திய தாரைப் பூசிய சுருள் அது. அதன் அடிப்பக்கத்தை எரிவாயுச் சுடரால் இளக்கித் தளத்தில் ஒட்டுகிறார்கள். ஐ.எஸ். 1346 என்னும் நெறி தார் ஃபெல்ட் கூரைகளுக்கு உரியது. தென்காசிப் பக்கம் இது பெரும்பாலும் முதல் காப்பாக வருவதில்லை; தட்டோடு ஒழுகத் தொடங்கிய பிறகு, அதன்மேல் ஒட்டும் மருந்துக் கட்டாகத்தான் வருகிறது. அது ஏன் பல வீடுகளில் பலிப்பதில்லை என்பதைப் பின்னர்க் காணலாம்.

இந்த அடுக்கமைப்பைப் புரிந்துகொண்டால், நீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை என்பது விளங்கும். தட்டோட்டின் ஏதோ ஓர் இடுக்கில் இறங்கிய நீர், செங்கல் ஜல்லிப் படையைப் பஞ்சைப்போல் நனைத்து, சிலாப்பின் மேல்முகத்தில் தேங்கி, வாட்டம் இழுக்கும் திசையில் மெல்ல நகர்ந்து, சிலாப்பில் எங்கே ஒரு துளையோ வெடிப்போ இருக்கிறதோ அங்கே இறங்குகிறது. சிலாப் போடும்போதே மின்கம்பிகளுக்காக அதனுள் புதைத்த குழாய்கள் இந்தப் பயணத்துக்குக் கால்வாயாகிவிடுகின்றன. மாடிப்படி அறையின் ஓரத்தில் நுழைந்த நீர் அந்தக் குழாயினுள் விழுந்து, நான்கு மீட்டர் தள்ளிக் கூடத்தின் நடுவிலுள்ள மின்விசிறிக் கொக்கியில் ஒரு துளியாகத் திரண்டு நின்று, விசிறியின் தண்டில் வழிந்து இறங்குவது கொத்தனார்கள் நன்கறிந்த காட்சி. அந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது அந்த அறையின் மின்னிணைப்பைத் துண்டிப்பது; கசிவைத் தேடுவது அடுத்த நாளுக்குக் காத்திருக்கலாம். மழை முழுதும் ஓய்ந்து மூன்றாம் நாள் சொட்டத் தொடங்கும் வீடுகளும் உண்டு. அங்கே ஜல்லிப் படை குடித்த நீரை இப்போதுதான் வெளியே விடுகிறது என்று கொள்ளலாம்.

சாரல் காலத்துக் கசிவுக்கு வருவோம். சாரல் துளி மிகச் சிறியது. தளத்தில் விழுந்து ஓடும் அளவுக்குக்கூடச் சில நாள் திரள்வதில்லை. ஆயினும் வெயில் முகங்காட்டாமல் நாள்கள் கழியும்போது ஓடும் சாந்தும் சுவரும் உலர்வதற்கு இடைவேளையே கிடைக்காமல், நீர் நுண்துளைகள் வழியே இடைவிடாது உள்ளே உறிஞ்சப்படுகிறது. இங்கே காற்று மேற்கிலிருந்து வீசுவதால் அடிபடுவது தளத்தைவிட அதன் ஓரத்தில் நிற்கும் பொருள்கள்தாம்: கைப்பிடிச் சுவரின் மேற்குப் பக்கம், மாடிப்படி அறையின் மேற்குச் சுவர், அந்த அறையின் கதவு நிலைக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட படி, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் மேடை. எனவே ஆனி, ஆடியில் ஈரம் காட்டி ஐப்பசியில் காட்டாத வீட்டில், தளத்தின் நடுவே மருந்து பூசுவது காசைக் கரைப்பதாகும்; மேற்கு ஓரத்தில்தான் முதலில் குனிந்து பார்க்க வேண்டும்.

அப்படிக் குனிந்து பார்ப்பவரின் கண்ணில் பெரும்பாலும் முதலில் படுவது, கைப்பிடிச் சுவரின் அடியும் தளமும் சேரும் மூலையில் சுவர் நெடுக ஓடும் ஒரு மெல்லிய கோடு. கான்கிரீட், வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறும்போது ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு மில்லிமீட்டர் நீளும். 10 மீட்டர் நீளமுள்ள தளம் பகலுக்கும் இரவுக்கும் இடையே 30 டிகிரி மாறுபட்டால் அது 3 மி.மீ. நீண்டு 3 மி.மீ. சுருங்குகிறது. அதன்மேல் கட்டிய செங்கல் சுவர் அதே அளவில் அசைவதில்லை. இரண்டும் சேரும் இடம் இழுபட்டுப் பிரிகிறது. சித்திரை வெயிலில் கொதித்துக் கிடக்கும் தளத்தில் திடீரென்று கோடை மழை இறங்கும்போது இந்த இழுபறி மிகக் கடுமையாகிறது. இம்மூலையைச் செங்கோணமாக விடாமல், சாந்தை உருட்டி வளைவாகப் பூசித் தளத்தின் காப்பைச் சுவரில் ஓரடி உயரத்துக்கேனும் ஏற்றிவிட்ட வீடுகளில் கோடு விழுவது குறைவு. கைப்பிடிச் சுவரின் தலையையும் தடவிப் பார்க்க வேண்டும். அதன் மேல்பூச்சு வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தால் நீர் சுவரின் முகத்தில் வழிந்து கறையாக்கும், வெடித்திருந்தால் நேரே சுவரின் வயிற்றுக்குள் இறங்கும். உட்புறம் சாய்ந்து, வெடிப்பில்லாமல் இருப்பதே முறையானது.

பறவைகளின் எச்சத்தில் வந்து விழும் அரசு, ஆல விதைகள் இம்மூலைகளில்தான் முளைக்கின்றன. நான்கு இலை விட்ட அரசங்கன்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கன்று பிழைத்திருக்கிறது என்றால், அதன் வேர் நிற்கும் இடத்தில் கோடையிலும் வற்றாத ஈரம் இருக்கிறது என்று பொருள், அது எந்தக் கருவியும் தராத தெளிவான சான்று. தண்டை மட்டும் ஒடித்துவிட்டால் வேர் மீண்டும் துளிர்த்து வெடிப்பை அகட்டும். சாந்தைச் சிறிது கொத்தி வேரோடு எடுத்த பிறகே அந்த இடத்தை அடைக்க வேண்டும்.

கல்லால் கட்டிய கோயில்களும் இதே தொல்லைக்கு விலக்கல்ல. கற்பலகைகளைப் பரப்பிய மண்டபக் கூரையின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் தட்டோடும் இட்டு நீரைத் தடுப்பதே மரபு. திருப்பணிகளின்போது மேல்தளத்துப் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது இன்றும் நடைபெறும் வேலை. பதினைந்தாம் நூற்றாண்டில் தென்காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் கோயிலுக்கு ஏதேனும் குறை நேருமாயின் அதை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரை இப்போதே பணிவதாகக் கல்லில் பாட்டாகப் பொறித்து வைத்திருக்கிறான். கட்டிய அரசனே தன் கட்டடம் ஒருநாள் பழுதுபடும் என்று எழுதிவைத்த ஊரில், இருபது ஆண்டுக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யும் பூச்சுகளை மக்கள் எப்படி அப்படியே நம்பிவிடுகிறார்கள் என்பது வியப்புக்குரியது.

அடைமழைக் கசிவின் இயல்பு வேறு. இங்கே கேள்வி, விழும் நீர் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதே. 1,000 சதுர அடித் தளத்தில் 10 மி.மீ. மழை பெய்தால் சேரும் நீர் ஏறக்குறைய 930 லிட்டர். மணிக்கு 100 மி.மீ. வீதத்தில் கொட்டும் மழைக்கு, 100 மி.மீ. விட்டமுள்ள, கட்டடத் தொழிலில் நாலு இஞ்சுக் குழாய் எனப்படும் மழைநீர்க் குழாய் ஒன்று, 40 சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தளத்துக்கே போதும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. அதன்படி 1,000 சதுர அடிக்கு இரண்டு குழாய்கள் சற்றுப் போதா, மூன்று வேண்டும். ஒரே ஒரு குழாயும், அதன் வாயில் ஆலிலையும் தேங்காய் நாரும் அடைத்த நிலையுமாகப் பல வீடுகள் மழைக்காலத்துக்குள் நுழைகின்றன. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களை மூழ்கடித்த மழையில், தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. பதிவாயிற்று, அந்த மழையில் தென்காசி மாவட்டமும் தப்பவில்லை. அத்தகைய மழைக்கு எந்தத் தளமும் முழுமையாகத் தயாராக முடியாது என்றாலும், குழாயின் வாய் திறந்திருந்த வீட்டுக்கும் அடைபட்ட வீட்டுக்கும் உள்ள வேறுபாடு மறுநாள் காலையில் உட்கூரையிலேயே தெரிந்துவிடும்.

குழாயின் வாயைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். தளத்தின் நீர் முழுவதும் கடந்துபோகும் அந்தக் கையகல இடத்தில் பிளாஸ்டிக் குழாயும் சிமென்ட் சாந்தும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. வெயிலில் குழாய் கான்கிரீட்டைவிடப் பன்மடங்கு நீள்வதால், சில ஆண்டுகளில் குழாயைச் சுற்றி நகக்கண் நுழையும் அளவுக்கு வட்டமான ஓர் இடைவெளி விழுகிறது. ஒரு குவளை நீரைக் குழாய்க்குள் ஊற்றாமல் அதன் விளிம்பைச் சுற்றி மெதுவாக ஊற்றினால், நீர் வழிந்து உள்ளே போகிறதா, விளிம்போரத்தில் சுழித்து மறைகிறதா என்பது தெரியும். மறைந்தால் அதுவே வழி. வெளிச்சுவரில் அந்தக் குழாய் இறங்கும் இடத்தையொட்டி மேலிருந்து கீழாகப் பச்சைப் பாசி படர்ந்திருப்பதும் அதே செய்தியைத்தான் சொல்லும்.

வாட்டம் குறைந்தது நூற்றுக்கு ஒன்று, அதாவது எட்டடிக்கு ஓர் அங்குலம் இருக்க வேண்டும். சுண்ணாம்புத் தளத்துக்கு இன்னும் கூடுதலாகக் கொடுப்பது நல்லது. அதை அளக்க மட்டக்கோல் தேவையில்லை. மழை நின்று ஒரு நாள் கழித்து மாடியேறிப் பார்த்தால், தேங்கி நிற்கும் நீரும், ஏற்கெனவே உலர்ந்துபோன தேக்கங்கள் விட்டுச்சென்ற வட்டமான அழுக்குக் கோடுகளும் பள்ளங்களின் வரைபடத்தைக் காட்டிவிடும். தளத்தின் பிற பகுதிகள் வெளிறி உலர்ந்த பிறகும் கறுத்து நிற்கும் திட்டுகளைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வைத்துக்கொண்டால், பின்னர் உலர்ந்த நாளில் எந்த ஓட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்ற குழப்பம் இராது. இம்முறையின் விலையுயர்ந்த வடிவமே வெப்பப்படக் கருவி: நீர் சூட்டை மெதுவாக இழப்பதால், பொழுது சாய்ந்த பிறகு தளத்தின் உலர்ந்த பகுதி விரைவில் குளிர, அடியில் ஈரம் தங்கிய பகுதி இன்னும் சூடாக நிற்பதை அது நிறவேறுபாடாகக் காட்டுகிறது. பெரிய ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அது பயன்படும். வீட்டுக்குச் சுண்ணக்கட்டி போதும்.

உலர்ந்த நாளில் செய்ய வேண்டிய சோதனை தட்டிப் பார்த்தல். சிறு இரும்புக் கம்பியின் முனையாலோ ஐந்து ரூபாய் நாணயத்தாலோ ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போனால், சாந்தோடு ஒட்டிய ஓடு ‘டங்’ என்று கெட்டியாக ஒலிக்கும். அடியில் பிரிந்து நிற்கும் ஓடு, பழுத்த பலாப்பழத்தைத் தட்டியதுபோல் ‘பொத்’ என்று வெறுமையாக ஒலிக்கும். வெற்றொலி தரும் ஓடு இன்னும் உடையாமல் இருக்கலாம். ஆனால் அதன் அடியில் நீர் தங்க ஓர் அறை உருவாகிவிட்டது. கீழே ஈரம் இன்னும் இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால், ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி ஓர் இரவும் பகலும் விட்டுப் பார்க்கலாம். தாளின் அடிப்பக்கத்தில் வியர்வைபோல் துளிகள் கோத்திருந்தால் தளம் நீரைக் கக்கிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்குள் உட்கூரையில் தெரியும் ஈரமெல்லாம் மேலிருந்துதான் வருகிறது என்று கொள்வதற்கில்லை. சாரல் காலத்தில் காற்றின் ஈரப்பதம் மிகுந்து, சாளரங்களை அடைத்த அறையில் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த சிலாப்பில் பட்டு நீராகப் படிவதுண்டு. குற்றாலத்து விடுதியறைகளில் அருவியில் குளித்தவர்களின் ஈரத்துணிகளும் அதற்குத் துணைபோகும். ஒரு சாண் அளவு அலுமினியத் தாளைக் கறையின்மேல் ஓரமெல்லாம் ஒட்டி இரண்டு நாள் விட்டால் விடை கிடைக்கும்: அறையை நோக்கிய முகம் வியர்த்தால் அது காற்றின் ஈரம், சிலாப்பை நோக்கிய முகம் வியர்த்தால் அது கசிவு. பங்குனி, சித்திரையில் ஒரு துளி மழையின்றியே ஈரம் காட்டும் வீட்டில் வானத்தின்மேல் பழிபோட வழியில்லை. தொட்டியையும், தொட்டிக்கு ஏறும் குழாயின் இணைப்பையும், மேல்மாடிக் குளியலறையையும் பார்க்க வேண்டும்.

ஐயம் தீராதபோது தளத்தில் நீரைக் கட்டிப் பார்ப்பதே முடிவான சோதனை. குழாய்களின் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, தளத்தில் 2.5 முதல் 5 செ.மீ. உயரம்வரை நீர் நிறுத்தி, இரண்டு நாள் அல்லது மூன்று நாள் விடுவார்கள். நீர் குறைந்தால் அது கசிந்து குறைந்ததா, வெயிலில் ஆவியாகிக் குறைந்ததா என்ற கேள்வி எழும். அதற்கு விடையாக, அகன்ற தாம்பாளம் ஒன்றில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு நீர் ஊற்றித் தளத்திலேயே வைத்துவிட்டு, இரண்டிலும் எவ்வளவு குறைந்தது என்று கோலால் அளந்து ஒப்பிட்டால் போதும். தாம்பாளத்தில் குறைந்ததைவிடத் தளத்தில் குறைந்தது கூடுதல் என்றால் மிச்சம் வீட்டுக்குள்தான் போயிருக்கிறது. ஆனால் இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. 5 செ.மீ. நீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். 1,000 சதுர அடித் தளத்தில் அது நாலரை டன்னைத் தாண்டும். ஆள் நடமாடும் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி வடிவமைக்கப்படுவதால் முறையான கான்கிரீட் தளத்துக்கு இதில் அச்சமில்லை. உத்திரம் செல்லரித்த பழைய மச்சு வீட்டிலும், அடியில் சாந்து உதிர்ந்து கம்பி தெரியும் சிலாப்பிலும் நீர் கட்டுவது ஆபத்து. அங்கே பகுதி பகுதியாகக் குழாய்நீரைத் தெளித்து, ஒவ்வொரு பகுதிக்கும் அரைநாள் பொறுத்துப் பார்ப்பதே தக்கது.

கம்பி தெரிவதைப் பற்றி ஒரு சொல். கான்கிரீட்டுக்குள் இயல்பாக உள்ள காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. கசியும் நீரும் காற்றும் அந்தக் காரத்தைக் கரைத்தும் குறைத்தும் விட்டால் துரு தொடங்குகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிப்பதால், கம்பிக்குக் கீழேயுள்ள கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கிறது. ஈரக்கறையில் முதலில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அது நீர் கரைத்துக் கொண்டுவந்த சுண்ணாம்பு. பின்னர்ச் செம்பழுப்பு நிறத்தில் கம்பியின் போக்கிலேயே கோடு விழும். வெள்ளைக் கறைக்கும் செங்கோட்டுக்கும் இடைப்பட்ட காலமே குறைந்த செலவில் காரியத்தை முடிக்கும் காலம். கறையின்மேல் பட்டி பார்த்து வெள்ளையடிக்கும் வழக்கம் அந்தக் காலத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது.

தார் ஷீட் ஒட்டிய தளத்தில் தேடவேண்டிய குறிகள் சில தனியானவை. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டுத் தாரின் நெகிழ்ச்சி போய்விட, மேற்பரப்பு முதலைத் தோலைப்போல் கட்டம் கட்டமாக வெடிக்கும். ஒரு சுருளும் அடுத்த சுருளும் 10 செ.மீ. அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்க வேண்டிய விளிம்பில் மழுங்கிய கரண்டியின் முனையை நுழைத்தால் அது நுழையக் கூடாது. நுழைந்தால் சாரலும் நுழையும். மிகுதியாகக் காணப்படுவது கொப்புளம். ஈரம் உலராத தளத்தின்மேல் ஷீட்டை ஒட்டிவிட்டால், அடியில் சிறைப்பட்ட நீர் நண்பகல் வெயிலில் ஆவியாகி ஷீட்டை உப்பவைக்கிறது. இரவில் அமுங்கி மறுநாள் மீண்டும் உப்பி, ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகப் பரந்து, இறுதியில் யாருடைய காலேனும் பட்டு உடைகிறது. ஒழுகிய தட்டோட்டுத் தளத்தின்மேல் அவசர அவசரமாக ஒட்டும் மருந்துக் கட்டு பலிக்காமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்: ஜல்லிப் படை குடித்துவைத்த நீருக்கு மேலே போக வழி அடைபட்டுவிட, அது கீழே அறைக்குள் இறங்குகிறது, வீட்டுக்காரரோ புதிய ஷீட்டைக் குறை சொல்கிறார். பழைய ஓட்டின்மேலேயே இன்னொரு படை காரையும் ஓடும் போடுவது அதைவிடத் தவறானது; 10 செ.மீ. கனத்துக்கு அது ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கும் மேற்பட்ட நிரந்தரப் பாரத்தைச் சிலாப்பின்மேல் ஏற்றிவிடும்.

வேலைக்கு உரிய காலம் இவ்வட்டாரத்தில் குறுகியது. கார்த்திகை மழை ஓய்ந்து தளம் உலர்வதற்கு மார்கழியும் தையும் போய்விடும். வைகாசியில் மேற்கே மேகம் திரளத் தொடங்கிவிடும். எஞ்சுவது மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதங்கள்தாம். குற்றாலத்து விடுதிகளுக்கு இது ஓய்வுக் காலமாக இருப்பதால், மற்றவர்களைவிட அவர்களுக்கு இதில் வசதி கூடுதல். ஆயினும் சீசனில் அறை ஒழுகும்போது எழும் அக்கறை பங்குனி வெயிலில் எழுவதில்லை. சுண்ணக்கட்டியால் வட்டமிட்ட இடத்தில், வெற்றொலி தந்த ஓடுகளுள் இரண்டை மட்டும் உளியால் பெயர்த்து, அடியிலுள்ள ஜல்லியை ஒரு பிடி அள்ளிக் கையில் இறுக்கிப் பார்த்தால், எத்தனை நாள் அதைத் திறந்துவைக்க வேண்டும் என்று கொத்தனாருக்குத் தெரிந்துவிடும். பொடியாக உதிர்ந்தால் மறுநாளே அடைக்கலாம். உருண்டையாகப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையில் குளிர்ச்சியைத் தந்தால், இன்னும் சில ஓடுகளைப் பெயர்த்து வெயிலுக்குத் திறந்துவிட்டு, இரவில் பனிக்கு மட்டும் தார்ப்பாயால் மூடி, அந்தப் பிடி பொடியாகும்வரை நாள்தோறும் அள்ளிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.